நாலு மணி நேர வேலை

மழைக் காலத்தில் என்ஜின் வாடகைக்கு விடுகிறவனுக்கு டீ குடிக்கக்கூட நேரம் இருக்காது. வயலில் தேங்கிய தண்ணீரை இறைக்க ஆள் மேல் ஆள் வந்து நிற்பார்கள். மன்னார்குடியில் அந்தத் தொழிலைத்தான் நான் கடைசிவரை செய்தேன். எந்த என்ஜின் மணிக்கு எவ்வளவு இறைக்கும் என்பது எனக்கு அத்துப்படி. அந்தக் கணக்கு உதவாமல் போன ஒரு ஐப்பசியைப் பற்றிச் சொல்கிறேன்.

அன்று காலையில் கோவிந்தராசு வந்து பெரிய என்ஜினை எடுத்துப் போனார். மத்தியானம் அவர் தம்பி செல்வம் வந்து சின்னதை எடுத்துப் போனான். பாகப்பிரிவினையில் சண்டையாகி, இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வயல் மட்டும் அடுத்தடுத்து, நடுவில் ஒரே வரப்பு. நட்டுச் சில நாளே ஆன சம்பாப் பயிர் இரண்டு பக்கமும் முழுகிக் கிடந்தது. இன்னும் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் அழுகிவிடும்.

மறுநாள் செல்வம் போன் செய்தான்.

"என்ன என்ஜின் குடுத்தீங்க பாய்? நேத்துலேருந்து ஓடுது, தண்ணி ஒரு விரக்கடைகூட கொறையல."

என் என்ஜினைக் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. ஸ்பேனர் பையோடு கிளம்பிப் போனேன். இரண்டும் நன்றாகத்தான் ஓடின. குழாய் போன திசையில்தான் கோளாறு. வடிகால் வாய்க்கால் தம்பி வயலுக்கு அந்தப் பக்கம். அண்ணன் தன் தண்ணீரைத் தம்பி வயலில் கொட்டினார். தம்பி அதை அள்ளி அண்ணன் வயலிலேயே திருப்பிக் கொட்டினான். மிச்சம் வரப்பு மேல் வழிந்து அண்ணன் வயலுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. டீசல்தான் குறைந்தது.

"வடிகாலுக்கு எறைச்சா என்ன செல்வம்?"

"அவரு தண்ணிய என் டீசல்ல நான் ஏன் எறைக்கணும்?"

அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். இரண்டு வயல் தண்ணீரையும் பெரிய என்ஜின் தனியாக இறைக்க ஆறு மணி நேரம், சின்னதற்குப் பன்னிரண்டு. ஒரு மணி நேரத்தில் பெரியது ஆறில் ஒரு பங்கு, சின்னது பன்னிரண்டில் ஒரு பங்கு. இரண்டும் சேர்ந்தால் கால் பங்கு. ஆக, நாலு மணி நேர வேலை. நடு வரப்பை வெட்டிவிட்டு இரண்டு என்ஜினையும் வடிகால் கரையில் வைத்தால் போதும்.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

"வரப்ப வெட்டினா, திரும்பப் போடுறப்ப ஒரு சாண் என் பக்கம் தள்ளிப் போட்டுருவான் பாய். வேணாம்."

தம்பியிடம் வந்தால் அவனும் அதே ஒரு சாணைத்தான் சொன்னான். நானே கயிறு பிடித்து அளந்து வரப்புப் போட்டுத் தருகிறேன் என்றேன். கெஞ்சினேன், அதட்டினேன், இரண்டு என்ஜினையும் நிறுத்தியும் பார்த்தேன். "வாடகை குடுத்துருக்கோம்ல" என்று ஆளுக்கொரு பக்கம் மறுபடி ஸ்டார்ட் செய்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை.

மழை விட்டபோது பயிர் அழுகி நாற்றமெடுத்தது. மறுபடி நட நாற்றும் இல்லை, பருவமும் தாண்டிவிட்டது.

என்ஜினைத் திருப்பிக் கொண்டுவந்த கோவிந்தராசு போகாமல் நின்றார்.

"ரெண்டையும் சேத்துப் போட்டா எவ்வளவு நேரம்னு சொன்னீங்க பாய்?"

"நாலு மணி நேரம்ணே."

தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் செல்வம் சின்ன என்ஜினைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு அதையே கேட்டான். "உங்க அண்ணனும் நேத்து இதைத்தான் கேட்டாரு" என்றேன். என்ஜின் மேல் இருந்த சேற்றைக் கையால் வழித்துவிட்டான்.

"அவரு பக்கமும் ஒண்ணும் தேறலையா பாய்?"

"இல்லப்பா."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அடுத்தடுத்த வயல்காரர்கள் என்ஜின் கேட்டு வந்தால், இருவரையும் கடையிலேயே உட்காரவைத்து, தண்ணீரை எங்கே விடப்போகிறீர்கள் என்று கேளுங்கள். மணிக்கணக்கை அப்புறம் போட்டுக்கொள்ளலாம். அன்று நான் அப்படிக் கேட்டிருந்தால் அந்தப் பயிர் பிழைத்திருக்குமோ என்று இப்போதும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.