கையில் வைத்திருந்த தீப்பந்தம்

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடத்தில் அவளை எல்லோரும் உருளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஏதோ கிழங்குச் சமாசாரம் என்று நினைத்துச் சிரிப்பார்கள். அதெல்லாம் இல்லை. ஈரமான படுக்கை விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால், மறுபக்கம் காய்ச்சி, சுருக்கம் எடுத்து வெளியே தள்ளுகிற சூட்டு உருளை ஒன்று அங்கே உண்டு. பதினேழு வருஷமாக அதன் வாயில் துணி கொடுப்பவள் அவள். உருளை யாருக்காகவும் நிற்காது. விரிப்பை உதறி, இரண்டு முனையையும் நேர் பிடித்து, அது இழுக்கிற நேரத்துக்குச் சரியாக விட்டுவிட வேண்டும். கொஞ்சம் யோசித்தால் துணி கோணிக்கொள்ளும். இன்னும் கொஞ்சம் யோசித்தால் விரல் போய்விடும். அவளுக்குப் பத்து விரலும் முழுசாக இருந்தன. அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம் அவள் கை எப்படிப்பட்டதென்று.

ஐம்பத்திரண்டு வயதில் அவள் போனில் சீட்டு ஆடப் பழகினாள். காசு வைத்து ஆடுகிற சீட்டு இல்லை. பூதமும் ஓநாயும் குளவியும் படமாகப் போட்ட சீட்டுகள். ஆளுக்கு இருபது உயிர், எதிராளியின் உயிர் தீர்ந்தால் ஜெயம். "இந்த வயசுல இது தேவையா?" என்று கேட்டவர்களுக்கு, "பொழுது போகல" என்று சொல்லி வாயை அடைத்தாள். அது பொய். மகன் அந்த ஆட்டத்தை ஆடுவான். மகன் அவளோடு பேசி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

நடந்தது இதுதான். அவள் புருஷன் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். நுரையீரல் கெட்டுப்போய்ப் பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மகன் வேறு ஊரில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். மூன்று மாதம் லீவு போடக்கூடாது என்று சொல்லியிருந்தார்களாம். தினமும் சாயங்காலம் கூப்பிடுவான். இவளும் தினமும், "சளிதாம்ப்பா, தூங்குறாரு, நீ வேலையப் பாரு," என்பாள். அவனும் நம்பி, ஆபீசில் நடந்த கூத்தை எல்லாம் சொல்லிச் சிரிப்பான். இவளும் வார்டுக்கு வெளியே சுவரில் சாய்ந்துகொண்டு கூடச் சிரிப்பாள். பிள்ளை நிம்மதியாக இருக்கட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், நாளைக்கு. அப்படியே பத்தொன்பது நாள். அவன் வந்து சேர்ந்தபோது அப்பாவின் முகத்தை மூடியிருந்தார்கள்.

அவன் அழவில்லை. "ஒரே வார்த்தைம்மா. ஒரே வார்த்தைல முடிஞ்சிருக்கும். தினமும் என்னைச் சிரிக்க வெச்சு வேடிக்கை பாத்திருக்கியே," என்றான். போனவன் நம்பரை மாற்றிவிட்டான்.

அவள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று நான் சத்தியம் பண்ணுவேன். அவன் கோபத்திலும் தப்பில்லை. இரண்டும் உண்மையாக இருந்தால் யார் என்ன செய்ய முடியும்?

அவனிடம் போக அவளுக்கு மிச்சம் இருந்த ஒரே வழி அந்த ஆட்டம். அதில் அவனுடைய பெயர் அவளுக்குத் தெரியும். மழைக்கோட்டு. பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அப்பாவின் பெயிண்ட் தெறித்த மழைக்கோட்டைத்தான் போட்டுக்கொண்டு போவான். அந்தப் பெயரை அவன் மாற்றியிருக்க மாட்டான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ஆடக் கற்றுக் கொடுத்தவர் லாரிக்காரர். ஆஸ்பத்திரிக்கும் வெளுக்கும் கூடத்துக்கும் துணி மூட்டை ஏற்றுகிறவர், இவள் வயசுதான். உள்ளே மூட்டைகளை எண்ணி முடிக்கும்வரை ஸ்டியரிங்கில் போனைச் சாய்த்துவைத்து ஆடிக்கொண்டிருப்பார்.

"வேகக்கட்டு எடுத்துக்குங்கக்கா," என்றார். "சின்னச் சின்ன ஆளுங்க. சீக்கிரம் இறங்குவாங்க, சீக்கிரம் அடிப்பாங்க. ஆனா ஆயுசு ஆறு சுத்துதான். ஏழாவது சுத்துல எதிராளிக்கு மூச்சு வந்துடும். அவன் பூதத்த இறக்குனான்னா உங்க குளவி எல்லாம் சட்னி."

"நமக்கு எதுக்குங்க அடிதடி? நிதானமா ஆடுற மாதிரி ஒண்ணு இல்லையா?"

"இருக்கு. அதுக்கு அரை மணி நேரம் வேணும். உங்க மேஸ்திரி அரை நிமிஷம் குடுப்பானா?"

அது சரிதான். வேகக்கட்டையே எடுத்தாள்.

வேகக்கட்டு என்றால் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பது என்று பாதிப்பேர் நினைக்கிறார்கள். அவர்கள்தான் தோற்கிறார்கள். எதிராளி இறக்குகிற ஆட்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். அவர்களைத் தாண்டி எதிராளியையே அடிக்க வேண்டும். ஆனால் முதல் இரண்டு சுற்றில் அவர்களையும் கொஞ்சம் தட்டி வைக்காவிட்டால் பின்னால் முன்னேற முடியாது. எந்தச் சுற்றில் அதை விட்டு இதைப் பிடிப்பது என்பதில்தான் முழு ஆட்டமும் இருக்கிறது. அப்புறம் வெள்ளம் என்று ஒரு சீட்டு, களத்தில் நிற்கிற எல்லோரையும் வாரிக்கொண்டு போய்விடும். ஆசைப்பட்டு எல்லாரையும் இறக்கியவள் வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். அதனால் ஜெயிக்கிற மாதிரி இருந்தாலும் கையில் இரண்டு பேரைப் பிடித்து வைக்க வேண்டும். இது எல்லாம் அவளுக்கு மூன்று மாதத்தில் கைவந்துவிட்டது. எதிராளிக்குப் பதினொன்று உயிர் இருக்கும்போதே, குளவி மூன்று, ஓநாய் நான்கு, கடைசியில் தீப்பந்தம் நான்கு என்று முடிவிலிருந்து பின்னால் எண்ணி வருவாள். தீப்பந்தம்தான் அந்தக் கட்டின் உயிர்நாடி. காவலுக்கு யார் நின்றாலும் தாண்டிப்போய் நேராக எதிராளியின் மேல் விழும்.

"அக்கா, நீங்க துணி வெளுக்க வேண்டிய ஆளே இல்ல, ஆளுங்கள வெளுக்க வேண்டிய ஆளு," என்றார் லாரிக்காரர். அவரை அவள் நாலு தடவை தொடர்ந்து தோற்கடித்திருந்தாள்.

"தோத்தவங்க இப்படித்தான் ஐஸ் வைப்பாங்க. இன்னொண்ணு போடுங்க."

கை தேறியபிறகுதான் மழைக்கோட்டு என்ற பெயரைத் தேடி நண்பராகச் சேரக் கேட்டாள். தன் பெயரை வெள்ளை விரிப்பு என்று வைத்திருந்தாள். பார்த்தே அவன் புரிந்துகொள்வான் என்று ஒரு நப்பாசை. ஒரு வாரம் கழித்து அவன் சேர்த்துக்கொண்டான். அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தபோது அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவன் வருவான். ஒரு ஆட்டம், சில நாள் இரண்டு. ஆடும்போது அழுத்துவதற்கென்று ஆறு வார்த்தைகள் இருந்தன. வணக்கம், நன்றி, அய்யோ, மன்னிக்கவும், கொஞ்சம் இருங்கள், நல்ல ஆட்டம். அவன் ஒவ்வொரு தடவையும் முதலில் வணக்கம் அழுத்துவான். தோற்றால் நல்ல ஆட்டம் என்பான். நன்றாக வளர்த்திருக்கிறோம் என்று அவள் தனியாக உட்கார்ந்து பெருமைப்பட்டாள்.

"யாருன்னு நேரா சொல்லிடுங்களேன்," என்றார் லாரிக்காரர். அவருக்கு மட்டும் விஷயம் தெரியும். "எழுதி அனுப்ப அதுல இடம் இருக்கே."

"சொல்றேன். இன்னும் ரெண்டு வாரம் போகட்டும். இப்பதானே பழகுறான்."

இரண்டு வாரம் எட்டு வாரமாயிற்று.

அவளுக்கு இருந்த ஒரே குறை, ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடுவது. அவன் ஆடியது நிதானக்கட்டு. நன்றாகத்தான் ஆடுவான்; ஆனால் அவன் பூதம் வருவதற்குள் இவள் குளவிகள் வேலையை முடித்துவிடும். வாரம் முழுக்கக் காத்திருந்து ஐந்து நிமிஷம்!

"கொஞ்சம் இழுத்து ஆடுனா என்ன?" என்று லாரிக்காரரிடம் கேட்டாள்.

அவர் மூட்டையைக் கீழே வைத்துவிட்டார். "அக்கா, அத மட்டும் செஞ்சிடாதீங்க. கையில அடி இருந்தா அடிச்சு முடிச்சிடணும். அத வெச்சுக்கிட்டு எதிராளியத் தவிக்க விடுறது, எலியப் பூனை உருட்டுற மாதிரி. ஆடுறவங்களுக்கு அதைவிடக் கேவலம் கிடையாது."

"அவனுக்கு எப்படித் தெரியும்? என் கையில இருக்கிறது எனக்கு மட்டும்தானே தெரியும்?"

"உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியுமா?" என்று அவர் லாரியில் ஏறிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் புருஷன் போன தேதி. மகன் அன்றைக்கும் வந்தான். வணக்கம் என்றான். ஆனால் ஆட்டம் அவன் ஆட்டமாக இல்லை. நிறுத்த வேண்டிய காவலை நிறுத்தவில்லை. வெள்ளத்தை ஒரே ஒரு ஓநாய்க்காக வீணாக்கினான். அவனுக்கும் இன்றைக்கு நினைப்பு அங்கேதான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. ஐந்தாவது சுற்றில் அவனுக்கு மூன்று உயிர் மிச்சம். அவள் கையில் தீப்பந்தம்.

போட்டால் முடிந்தது. முடிந்தால் அவன் போய்விடுவான். இன்றைக்குப் போய் அவனை எப்படி அனுப்புவது?

குளவியை விட்டு அவனுடைய ஆள் ஒருவனைத் தட்டிவிட்டுச் சும்மா இருந்தாள். அடுத்த சுற்றும் அப்படியே. அவன் அய்யோ என்றான். இவள் கொஞ்சம் இருங்கள் என்றாள். மகனோடு உட்கார்ந்து பேசுகிற மாதிரியே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ தண்ணீர்க் குடத்தை உருட்டிக்கொண்டு போனார்கள், அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அவள் எழுந்திருக்கவில்லை. ஏழாவது சுற்று, எட்டாவது. அவன் பிழைத்துவிடுவோம் என்று நினைத்து மளமளவென்று ஆடினான். அவனுக்கு நம்பிக்கை வருவதைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஒன்பதாவது சுற்றில் அவன் ஒற்றன் என்ற சீட்டைப் போட்டான். அது எதிராளியின் கையைத் திறந்து காட்டுகிற சீட்டு. நிதானக்கட்டில் ஒன்றே ஒன்று இருக்கும். வேகக்கட்டு ஆறு சுற்றில் முடிந்துவிடுவதால் அவள் அதை ஒரு நாளும் கண்டதில்லை.

அவள் கையிலிருந்த சீட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. முதலாவது தீப்பந்தம். எத்தனாவது சுற்றில் கைக்கு வந்தது என்பதும் அதன் கீழே எழுதியிருந்தது. நான்கு.

பிறகு மேலே எழுத்து வந்தது. இரண்டு வருஷத்தில் மகன் அவளுக்கு எழுதிய முதல் வார்த்தைகள்.

"நாலாவது சுத்துலேர்ந்து கையில வெச்சுக்கிட்டு என்னை ஆட விட்டு வேடிக்கை பாத்தீங்களா?"

நான் என்று எழுதினாள். அழித்தாள். தப்பா நினைக்காதே என்று தொடங்கினாள். அதையும் அழித்தாள். உருளையின் வாயில் ஒரு நாளும் தயங்காத விரல்கள்!

"இதே மாதிரி ஒருத்தங்களை எனக்குத் தெரியும்," என்று இன்னொரு வரி வந்தது. "போதும்."

அவன் ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டுப் போனான். நீங்கள் வென்றீர்கள் என்று மேளதாளத்தோடு பொன் காசு கொட்டியது திரையில். அவள் அந்தச் சத்தத்துக்கு நடுவே, நான் அம்மா என்று எழுதி அனுப்பினாள். இந்த ஆட்டக்காரருக்குச் செய்தி அனுப்ப முடியாது என்று சிவப்பாக வந்தது. பட்டியலில் மழைக்கோட்டு இல்லை.

திங்கட்கிழமை லாரிக்காரருக்கு அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. மதியம் அவள் போனை வாங்கி வேறு பெயரில் ஒரு கணக்கு திறந்துகொடுத்தார். என்ன பெயர் வேண்டும் என்று கேட்காமலே டீசல் என்று போட்டார்.

"இந்தப் பேர்ல அவனை நண்பராச் சேரத் திரும்பக் கேளுங்கக்கா."

"வேண்டாம். ஒளிஞ்சுக்கிட்டு ஒரு தடவை போனது போதும்."

பிடிவாதக்காரி. கேட்கவே இல்லை. முகம் தெரியாதவர்களோடு மட்டும் ஆடினாள். அடி கைக்கு வந்த அந்தச் சுற்றிலேயே முடித்தாள், யாரையும் ஒரு மூச்சு கூட அதிகம் தவிக்க விடவில்லை. டீசல் என்ற பெயர் மேலே மேலே ஏறியது.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டமே தேடிப்பிடித்து எதிரே ஒருவரை உட்கார வைத்தது. மழைக்கோட்டு. வணக்கம் என்றான். வணக்கம் என்றாள். அவன் நன்றாக ஆடினான், வெள்ளத்தைச் சரியான சமயத்தில் விட்டான். அவள் இரண்டு பேரைக் கையில் பிடித்துவைத்திருந்தாள். ஆறாவது சுற்றில் அவனுக்கு நான்கு உயிர். தீப்பந்தம் வந்தது. அவள் கண்ணை மூடவும் இல்லை, யோசிக்கவும் இல்லை. போட்டாள்.

நல்ல ஆட்டம் என்றான். கூடவே நண்பராகச் சேரக் கேட்டான், அவனாகவே.

சேர்த்துக்கொண்டாள். பச்சைப் புள்ளி எரிந்தது. ஒரே மூச்சில் எழுதினாள்: "நான் அம்மா. அன்னிக்கு வெள்ளை விரிப்பும் நான்தான். அப்பா விஷயத்துல நான் செஞ்சது தப்பு." அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது. அவன் படித்துவிட்டான் என்றும் காட்டியது.

பச்சைப் புள்ளி கொஞ்ச நேரம் எரிந்தது. பிறகு சாம்பல் நிறமாயிற்று.

அது நடந்து ஆறு மாதம். "பட்டியல்லேர்ந்து எடுக்கலயேக்கா, பேரு அப்படியேதானே இருக்கு," என்று லாரிக்காரர் சொல்லிக்கொண்டிருக்கிறார். "ஆட்டத்தையே விட்டுட்டான். எடுக்கறதுக்குக்கூட உள்ள வரல," என்கிறாள் அவள். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போனைத் திறக்கிறாள். பட்டியலில் இரண்டே பெயர். லாரிக்காரருடையதில் பச்சை எரிகிறது. மற்றதைப் பார்த்துவிட்டு, பாலை இறக்கி வைக்க எழுந்து போகிறாள்.