பின்சக்கரத்தில் ஒரு புது ஒட்டு

என் அப்பா கொல்லப்பட்டபோது எனக்கு மூன்று வயது. அவர் முகம் எனக்கு நினைவில்லை. வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாது.

குடவாசலுக்கு அருகே எங்கள் ஊரில் அவர் விவசாயக் கூலிகளின் சங்கத்தில் இருந்தார். அறுவடைக் கூலியை உயர்த்தச் சொல்லி வேலை நிறுத்தம் நடந்த சமயம். பேச்சுவார்த்தைக்கென்று சைக்கிளில் போனவர் திரும்பவில்லை. மறுநாள் காலை வாய்க்கால் கரையில், நாணல் புதருக்குள் கிடந்தார். பார்த்த சாட்சி யாருமில்லை என்று எழுதி வழக்கை மூடிவிட்டார்கள்.

அப்பாவைப் பற்றிக் கேட்டால் ஊரில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். அவர் குரல் கேட்டால் பண்ணையார் வீடே நடுங்கும் என்பார்கள். வீட்டுக்குள் அவர் எப்படி இருந்தார், என்னைத் தூக்கி வைத்துக்கொள்வாரா என்பதையெல்லாம் யாரும் சொன்னதில்லை. எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

பள்ளி ஆசிரியையாகிப் பணி ஓய்வை நெருங்கிய காலத்தில், வழக்கை மறுபடி விசாரிக்கக் கேட்டு மனு கொடுத்தேன். புதிதாக வந்திருந்த பெண் டி.எஸ்.பி. பழைய கோப்பை வரி விடாமல் படித்தார். அப்பாவின் சைக்கிளில் பின்சக்கரத்து டியூபில் புதிதாகப் பஞ்சர் ஒட்டியிருந்ததாக அதில் ஒரு குறிப்பு இருந்தது.

"இதை ஒட்டினது யாருன்னு அப்ப ஒருத்தரும் கேக்கலையேம்மா," என்றார்.

தேடியதில் கிடைத்தவர், அந்தச் சாலையில் சைக்கிள் கடை வைத்திருந்த பாய். கொலை நடந்த மறுமாதமே துபாய்க்குப் போனவர், இப்போது தள்ளாத வயதில் மகன் வீட்டில் இருந்தார். என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"பொழுது சாயுற நேரம்மா. பஞ்சர் ஒட்டிக்கிட்டு வீட்டுக்குக் கெளம்புனாரு. பாலத்துக்கிட்ட பண்ணை காரியஸ்தர் மறிச்சாரு. கூட ரெண்டு பேர். வாய்க்கால் பக்கம் கூட்டிட்டுப் போனாங்க. நான் பார்த்தேன். சின்னச் சின்னப் புள்ளைங்கள வச்சிருந்தேன், பயந்துட்டேன்."

காரியஸ்தர் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. மற்ற இருவர் யாரென்று பாய்க்குத் தெரியவில்லை. வழக்கு அதற்குமேல் நகராது என்று டி.எஸ்.பி. வருத்தத்தோடு சொன்னார்.

கிளம்பும்போது பாயிடம் கேட்டேன். "எங்கப்பா உங்ககிட்ட என்ன பேசுனாருங்க?"

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அவருக்குப் பேச்சு எங்கம்மா வரும்? திக்குவாயாச்சே. 'புள்ள தூங்கிடும், சீக்கிரம்'னு சொல்ல வந்தாரு. அவரு சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் ஒட்டி முடிச்சிட்டேன்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காரியஸ்தர் என்றதும் அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

"அவன் கூப்பிட்டுத்தான் வருஷா வருஷம் நடவுக்குப் போனேன்," என்றாள்.

பிறகு நான் கேட்டேன்.

"அப்பாவுக்குத் திக்கும்னு ஏம்மா சொல்லவேயில்ல?"

"ஊரு பெருமையாப் பேசுச்சு. நான் எதுக்குக் குறுக்க பேசணும்?" என்றவள் கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள். "உன் பேர முழுசாச் சொல்ல அவருக்கு நேரமாகும். முடிக்கிற வரைக்கும் நீ அவரு வாயையே பார்த்துக்கிட்டு நிப்ப. அப்புறந்தான் ஓடுவ."

சோறு வடிக்க வேண்டும் என்று எழுந்து உள்ளே போனாள். நான் இருந்த இடத்திலேயே இருந்தேன்.