ப்ளீஸ் கிவ் யுவர் டாட்டர் மீ!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்தமானில், போர்ட் பிளேர் குட்வில் எஸ்டேட்டில் என் பக்கத்து வீட்டு சுந்தரம் சார் கையில் ஒரு கடிதத்தோடு வந்து நின்றார். பின்னாலேயே அவர் மகள் கவிதா — நகத்தைக் கடித்தபடி.

"டீச்சரம்மா, இதைப் படிங்க. இங்கிலீஷா இது?"

சார் சர்க்கார் ஆபீஸில் ஆயுசு முழுக்க ஃபைல்களில் சிவப்பு மை ஓட்டியவர். ஒரு கமா தவறினாலும் ஃபைல் திரும்பிப் போகும். மனைவி காலமான பிறகு அவருக்கு எல்லாமே கவிதாதான்.

அவளோ நர்ஸ். டியூட்டிக்காக ஆறு மாதம் கேம்பல் பே போனாள். நாள் கணக்கில் கப்பலில் போகவேண்டிய ஊர். அங்கே எலக்ட்ரீஷியன் குர்மீத்திடம் மனதைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். பஞ்சாபிலிருந்து வந்து குடியேறிய ராணுவக் குடும்பத்துப் பையன்.

இந்தியிலேயே பெண் கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? கேட்டிருக்கலாம். 'இங்கிலீஷ்ல எழுதினாத்தான் அப்பா மதிப்பார்' என்று உசுப்பிவிட்டது இவள்! அந்த அப்பாவியும் எழுதிவிட்டான்.

படித்தேன்.

"ஒன்லி ஐ வான்ட் டு மேரி யுவர் டாட்டர்."

அதாவது... உங்கள் மகளைக் கட்டிக்கொள்ள என்னை விட்டால் ஆளே இல்லை! 'உங்கள் மகளை மட்டும்தான்' என்று உருக வந்தவன், 'ஒன்லி'யைக் கொண்டுபோய் முதல் சீட்டில் உட்கார வைத்துவிட்டான்.

அடுத்த வரி இன்னும் பிரமாதம்.

"ப்ளீஸ் கிவ் யுவர் டாட்டர் மீ."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. கவிதா முறைத்தாள்.

"இதுல என்ன ஆன்ட்டி தப்பு?"

என்ன தப்பா? தமிழில் 'எனக்கு உங்க பொண்ணைக் குடுங்க' என்றாலும் 'உங்க பொண்ணை எனக்குக் குடுங்க' என்றாலும் கல்யாணம் ஒன்றுதான். யாரை, யாருக்கு என்பது வார்த்தையோடு ஒட்டிக்கொண்டே வந்துவிடும். இங்கிலீஷில் அந்த ஒட்டு கிடையாது. உட்காரும் இடம்தான் எல்லாம். 'கிவ்'வுக்குப் பக்கத்தில் இருப்பவர் வாங்கிக்கொள்பவர். அதற்கடுத்து வருவது, கொடுக்கப்படும் பொருள். 'கிவ் மீ யுவர் டாட்டர்' என்றால் பெண் அவனுக்கு. இவன் எழுதியபடி பார்த்தால்...

"தன்னையே நம்ம கவிதாவுக்குக் குடுக்கச் சொல்றான் சார்!"

சார் கடிதத்தைப் பிடுங்கிப் படித்தார். மறுபடியும் படித்தார். முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம்.

"அப்ப... இவ கப்பலேற வேண்டாமா?"

இத்தனை நாள் அந்த மனுஷன் எதற்குப் பயந்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

உடனே போன் போட்டார். டவர் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம்!

"பேட்டா, சிட்டீ மில் கயி" என்று, கடிதம் கிடைத்ததில் ஆரம்பித்து இந்தியில் பொழிந்தார். உன்னை என் பெண்ணுக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறாய். வாங்கிக்கொள்கிறோம். போர்ட் பிளேர் வந்து எங்களோடேயே இருக்கவேண்டும். சம்மதமா?

கவிதா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஜி, அங்கிள்! வஹி தோ லிக்கா தா!"

அதைத்தானே எழுதினேன் என்கிறான்! கெட்டிக்காரன்... இலக்கணம் வராவிட்டால் என்ன, சமயோசிதம் வருகிறதே!

கவிதா அப்பாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள். மூட்டுவலியை மறந்து நானும் குதித்தேன்.

போன ஞாயிறு நிச்சயதார்த்தம். வாயெல்லாம் ஜிலேபியோடு சுந்தரம் சாரிடம் சொன்னேன்: "மாப்பிள்ளைக்கு நான் சும்மாவே இங்கிலீஷ் கத்துக்குடுக்கறேன் சார்."

சார் பதறிப்போனார்.

"ஐயோ, வேண்டாம் டீச்சரம்மா! அந்த வாக்கியத்தைத் திருத்திட்டான்னா, பொண்ணைக் கூட்டிக்கிட்டுக் கேம்பல் பே போயிடுவான்!"