மட்டக்குதிரையும் மஞ்சள் குடையும்

அறுபத்தைந்தோ அறுபத்தாறோ, வருஷம் சரியாக நினைவில்லை. பர்மாவில் இருந்த எங்கள் தமிழ்ச் சனத்தில் பாதிப் பேர் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். நாங்கள் போகவில்லை. ரங்கூனில் இன்சீன் ஸ்டேஷனுக்குப் பின்னால் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் ஸ்டேஷனில் குதிரை வண்டி ஓட்டினார். எனக்குப் படிப்பு அதிகம் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வீட்டில் இரண்டு குதிரைகள். ஒன்று வண்டி இழுக்கும். இன்னொன்று மட்டக்குதிரை. மட்டக்குதிரையிலும் மட்டம். என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரும், அவ்வளவுதான். குட்டியாக இருக்கும்போதே தாய் செத்துப்போனது. கஞ்சியும் தவிட்டுத் தண்ணீரும் கொடுத்து நான்தான் காப்பாற்றினேன். பிழைத்தது. வளரத்தான் இல்லை. வண்டியில் பூட்டினால் வண்டி அதை ஓட்டிக்கொண்டு போவது மாதிரி இருக்கும்.

அதற்கு இருந்த ஒரே வேலை ஷின்பியு ஊர்வலம். பர்மாக்காரர்கள் ஆண் பிள்ளைகளைக் கொஞ்ச நாள் பொங்கி மடம் என்கிற புத்த மடத்தில் துறவியாக விடுவார்கள். அதற்கு முன்னால் பிள்ளைக்கு ராஜா வேஷம் போட்டு, குதிரையில் ஏற்றி, மேளம் அடித்துத் தெருவெல்லாம் சுற்றி வருவார்கள். பிள்ளையின் தலைக்கு மேலே ஒருவர் தங்க நிறக் குடை பிடித்து நடப்பார். குடை நகர்ந்தால் குதிரை நடக்க வேண்டும். மடத்து வாசலில் குடையை மடக்கினால் நிற்க வேண்டும். நின்றதும் பிள்ளையின் தகப்பன் அதற்கு ஒரு வாழைப்பழம் கொடுப்பார். எங்கள் குதிரை படித்த படிப்பு இவ்வளவுதான். ஆனால் அதை நன்றாகப் படித்திருந்தது.

ஷின்பியு கோடையோடு முடிந்துவிடும். மற்ற மாதங்களில் வேலை கிடையாது. தீனி மட்டும் உண்டு.

"எனக்கும் அதுக்கும் ஒரே அளவு சாப்பாடு. நானாவது வண்டி ஓட்டறேன்" என்பார் என் வீட்டுக்காரர்.

அந்த வருஷம் மாவ்பியிலிருந்து ஒருவர் வந்து குதிரையைக் கேட்டார். நம்ம ஆள்தான். அங்கே செங்கல் சூளை வைத்திருந்தார். சூளைக்குள் குனிந்து போய் வர உயரம் குறைந்த குதிரை வேண்டுமாம். என் வீட்டுக்காரர் சரி என்று தலையாட்டிவிட்டார். சூளைக் குதிரைகளை நான் பார்த்திருக்கிறேன். முதுகில் மயிர் இருக்காது.

"வேண்டாங்க" என்றேன்.

"ஏன்?"

வேண்டாம் என்று இன்னொரு தரம் சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் மாட்டுச் சந்தை மைதானத்தில் மட்டக்குதிரைப் போட்டி என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டில் மொஹிங்கா என்கிற மீன் குழம்புச் சேமியா விற்கும் பர்மாக்காரப் பெண் ஓடி வந்தாள். அவள் என்னை அமா என்றுதான் கூப்பிடுவாள். அவர்கள் பாஷையில் அக்கா.

"அமா, சின்னக் குதிரைக்குத்தான் போட்டியாம். இதைவிடச் சின்னதுக்கு எங்கே போவாங்க?"

என் வீட்டுக்காரர் சிரித்தார். அப்புறம் யோசித்தார். "சரி. இது ஒரு ரிப்பன் வாங்கட்டும். நான் சூளைக்காரர்கிட்ட சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கிறேன். வாங்கலைன்னா மைதானத்துல வச்சே அவர் ஓட்டிக்கிட்டுப் போகட்டும்."

"எத்தனாவது ரிப்பன்?"

"கடைசி ரிப்பன்னாலும் சரி."

"அப்ப நீங்க பிடிச்சுக்கிட்டு வாங்க."

"நானா? நாளைக்கு நான் ஸ்டேஷன்ல தலை காட்ட வேண்டாமா?"

ஆக, பிடித்துக்கொண்டு போக நான்.

போட்டியன்று விடியற்காலையில் குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். பிடரிக்கு எண்ணெய் வைத்துச் சீவினேன். குளம்பைத் துடைத்தேன். திரும்பிப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரி குதிரையின் இரண்டு கன்னத்திலும் வட்டமாகத் தனக்காப் பூசிக்கொண்டிருக்கிறாள். பர்மாப் பெண்கள் முகத்துக்குப் பூசும் அதே மரப்பட்டைக் குழம்புதான்.

"என்னடி இது?"

"அழகுப் போட்டிக்கு வெறும் மூஞ்சியோடவா போறது?"

"ஆண் குதிரைடி."

"அப்படியா? அப்ப கொஞ்சமாப் பூசறேன்."

கழுவ நேரமில்லை. அப்படியே கிளம்பினோம். நான் எப்போதும் போல பசீன் ஊரில் செய்த என் மஞ்சள் குடையை விரித்துக்கொண்டேன். மழையோ வெயிலோ, குடை இல்லாமல் தெருவில் இறங்கும் வழக்கம் எனக்குக் கிடையாது. மேய்க்கப் போனாலும் அந்தக் குடைதான். குதிரை என் தோளோடு ஒட்டி வந்தது. கயிற்றை இழுக்கவே வேண்டாம். வளர்த்த பாசம், அதனால்தான் என் பின்னால் வருகிறது என்று எனக்கு உள்ளூரப் பெருமை. அந்தப் பெருமை மைதானத்து வாசல் வரைக்கும் இருந்தது.

வாசலில் ஒரு சிப்பந்தி நின்றான். "குதிரை பிடித்து வருகிறவர்கள் குடை, கம்பு, சாட்டை எதுவும் உள்ளே கொண்டு போகக்கூடாது" என்று சொல்லிக் குடையை வாங்கி ஓரமாக வைத்தான். குதிரை அங்கேயே நின்றுவிட்டது. பின்னால் வந்த கூட்டம் தள்ளியதில் எப்படியோ உள்ளே போய்விட்டோம். கூட்டத்தின் நெருக்கடியில் குதிரை தயங்குகிறது என்று நினைத்தேன்.

முதலில் உயரம். இரண்டு கம்பம் நட்டுக் குறுக்கே ஒரு மூங்கில் கட்டியிருந்தார்கள். அதில் முதுகு இடிக்காத குதிரைதான் போட்டிக்குச் சேரும். எங்கள் குதிரைக்கும் மூங்கிலுக்கும் நடுவில் இன்னொரு குதிரை போகலாம். பக்கத்து வீட்டுக்காரி கைதட்டினாள். மற்றவை எல்லாம் ஷான் மலைப் பக்கத்திலிருந்து வந்த உருண்டு திரண்ட குதிரைகள். ஒன்று வெள்ளை. அதற்கு வெல்வெட் போர்வை. அதன் எஜமான் எங்கள் குதிரையின் கன்னத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். தன் குதிரையைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார்.

பிறகு ஒவ்வொன்றாக மைதானத்தை ஒரு சுற்று நடத்தச் சொன்னார்கள். எங்கள் முறை வந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கயிறு வந்தது. குதிரை வரவில்லை.

இழுத்தேன். கழுத்து நீண்டது. கால் நகரவில்லை. தட்டிக் கொடுத்தேன். காதில் கெஞ்சினேன். நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு, யாருக்கோ காத்திருப்பது போல நின்றது.

"என்ன, நட்டு வச்சிருக்கீங்களா?" என்று கூட்டத்தில் ஒருத்தன் கத்தினான்.

"தண்ணி ஊத்துங்க! வளரும்!" என்றான் இன்னொருத்தன்.

அப்படியே ஒரே சிரிப்பு. மைதானத்து வேலிக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். அவர் பக்கத்தில் மாவ்பிக்காரர். அவர் சிரிக்கவில்லை. குதிரையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கப்போகிறவர் பார்வை.

நடுவர் எங்களிடம் வந்தார். பருத்த உடம்பு, வயதான பர்மாக்காரர். எல்லாரும் சயா, சயா என்றார்கள், நம்ம ஐயா மாதிரி. அவர் பின்னால் ஒரு சேவகன் பெரிய கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

குதிரையின் காது இரண்டும் நிமிர்ந்தன.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை வருஷமாக அது என் பின்னால் வரவில்லை. என் குடையின் பின்னால் வந்திருக்கிறது.

நடுவர் பல்லைப் பார்த்தார். காலைத் தூக்கிப் பார்த்தார். குதிரை மரியாதையாக நின்றது. ஏதோ முனகிவிட்டு அவர் திரும்பி நடந்தார். குடை நகர்ந்தது. குதிரையும் நகர்ந்தது. அவர் நின்றார். அது நின்றது. அவர் இடது பக்கம் போனார். அதுவும் போனது. "பிடிங்கம்மா, பிடிங்க" என்றார். பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அது என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.

அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. ரங்கூன் மழை சொல்லிக்கொண்டு வராது. கூட்டம் முழுக்க ஒரே சமயத்தில் படபடவென்று குடைகளை விரித்தது. ஷான் குதிரைகள் மிரண்டுவிட்டன. வெள்ளைக் குதிரை வெல்வெட்டோடு டீக்கடைக்குள் புகுந்து அந்தப் பக்கமாக வெளியே போனது. எஜமான்கள் எல்லாம் லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். மைதானத்தில் மிரளாமல் இருந்தது எங்கள் குதிரை ஒன்றுதான். அதற்கு ஊர்வலம் ஆரம்பித்துவிட்டது.

சேவகனுக்குப் பயம். பின்னால் குதிரை வருகிறதே என்று வேகமாக நடந்தான். குடை போனால் நடுவர் நனைவார். அவரும் வேகமாக நடந்தார். குதிரையும் எட்டி வைத்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைசியில் நான். இப்படியே மைதானத்தைச் சுற்றினோம்.

"சயாவுக்கு ஷின்பியு! சயாவுக்கு ஷின்பியு!" என்று கத்தினாள் பக்கத்து வீட்டுக்காரி. அவளை நான் அன்றைக்கு மன்னிக்கவில்லை. யாரோ ஒரு தகர டின்னை எடுத்து மேளம் மாதிரி தட்ட ஆரம்பித்தான். மேளம் கேட்டதும் குதிரை கழுத்தை வளைத்து, காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. அவ்வளவு அழகாக அது நடந்து நான் பார்த்ததில்லை.

மேடைக்கு வந்து சேர்ந்ததும் சேவகன் குடையை மடக்கினான். குதிரை அந்த இடத்திலேயே நின்றது. பிறகு மூக்கை நீட்டி நடுவரின் வயிற்றில் முட்டியது.

"இதுக்கு இப்ப என்ன வேணுமாம்?" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு.

"வாழைப்பழம், சயா."

"எதுக்கு?"

"மடம் வந்துடுச்சுன்னு நினைக்குது. நீங்கதான் பிள்ளையோட அப்பான்னு…"

அவர் என்னைப் பார்த்தார். குதிரையைப் பார்த்தார். அதன் கன்னத்தில் தனக்கா மழையில் கரைந்து தாடி மாதிரி வழிந்துகொண்டிருந்தது. கோபம் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"நான் எட்டு வயசிலேயே மடத்துக்குப் போயிட்டு வந்துட்டேன். மறுபடியும் அனுப்ப இதுக்கு என்ன இவ்வளவு அவசரம்?" என்றார். மேடையில் இருந்த தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்து உரித்துக் கொடுத்தார். அப்புறம் ஒலிபெருக்கியில் தீர்ப்பும் அவரே சொன்னார். "நடக்கச் சொன்னபோது நின்றது. நிற்க வேண்டிய நேரத்தில் நடந்தது. இதற்குப் பரிசு இல்லை."

சேற்றிலிருந்து பிடித்து வந்த குதிரைகளுக்கு ரிப்பன் கட்டினார்கள். வெள்ளைக் குதிரைக்கு முதல் ரிப்பன். அதன் வாலில் டீக்கடைத் துணி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

சிப்பந்தியிடம் குடையைத் திரும்ப வாங்கிக் குதிரைக்கு மேலே பிடித்து, மைதானத்துக்கு வெளியே வந்தேன். மழை நின்றுவிட்டது. குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டேன். குதிரை நின்றது. என் வீட்டுக்காரரும் மாவ்பிக்காரரும் வந்தார்கள். பேச்சு பேச்சுதான். நான் கயிற்றை நீட்டினேன்.

மாவ்பிக்காரர் வாங்கவில்லை. "குடை பிடிச்சாத்தான் நடக்குமா அண்ணே?"

"சேச்சே. அது இன்னைக்கு ஏதோ விளையாட்டு. பச்சைக் குழந்தை பிடிச்சாலும் வரும். பாருங்க." என் வீட்டுக்காரர் கயிற்றை வாங்கி இழுத்தார். வரவில்லை. மாவ்பிக்காரர் முன்னால் இழுத்தார், இவர் பின்னால் போய்த் தள்ளினார். இவர் கால்தான் சேற்றில் வழுக்கியது. குதிரை அசையவில்லை.

இவர் என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார். "குடையை விரி."

"மழை விட்டிருச்சே" என்றேன்.

"பரவாயில்ல. விரி."

"வெயிலும் இல்லீங்களே. எதுக்குங்க குடை?" கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன் போலிருக்கிறது.

இவர் என்னை முறைத்தார். நான் குடையின் காம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு தடவை விரித்தால் போதும், குதிரை மாவ்பி வரைக்கும் சிரித்துக்கொண்டே போய்விடும். அது எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும்.

மாவ்பிக்காரர் கயிற்றைக் கீழே போட்டார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"வேண்டாம் அண்ணே. சூளையில இதுக்குக் குடை பிடிக்க ஒரு ஆள் போடணும். அந்த ஆளே செங்கல்லைச் சுமந்துடுவான்."

என்னிடம், "குடை நல்ல குடை, தங்கச்சி. பத்திரமா வச்சுக்க" என்று சொல்லிவிட்டு பஸ் நிற்கும் பக்கம் போனார்.

பஸ் கண்ணுக்கு மறையும் வரை நாங்கள் மூன்று பேரும் அப்படியே நின்றோம். பிறகு நான் குடையை விரித்தேன். குதிரை நடந்தது.

இவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். "வெயில் வந்துடுச்சோ?"

"இனிமே வரும்" என்றேன்.

வீட்டு வாசலில் இவர், "தீனியைக் குறைச்சு வை" என்றார். ராத்திரிச் சாப்பாட்டில் அவர் பங்கு வாழைப்பழம் இலையில் அப்படியே இருந்தது. காலையில் அதன் தோல் குதிரைக் கொட்டிலில் கிடந்தது.

அடுத்த வருஷமும் போட்டிக்குப் போனோம். அந்த முறை நடுவர் உச்சி வெயிலில் குடை இல்லாமல் நின்றார். எங்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அந்த வருஷமும் தோற்றோம். குதிரை கிழடு தட்டி எங்கள் கொட்டிலிலேயே செத்தது.

ஜெயித்து வாங்கினேன் என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் எத்தனையோ இடத்தில் தோற்றிருக்கிறேன். ஆனால் எதிலும் உடனே அழுதுவிடுவதில்லை. குடையை மடக்கி வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் நின்று பார்க்கிறேன்.