இருநூற்று நாற்பது லீட்டர்

போத்தலில் தண்ணீர் மாற்றுவது பிரேமிளாவின் காலை வேலை. ஆறவைத்த கொதிநீரை ஒட்சிசனை ஈரமாக்கச் சிலிண்டரோடு பொருத்திய சின்னப் போத்தலில் கோடு வரைக்கும் ஊற்றி, மூடியை முறுக்கி, அமுக்கமானியின் முள் நிற்கும் இடத்தைக் கலண்டர் தாளில் எழுதி வைப்பாள்.

"இன்னைக்கு ரீடிங் எவ்வளவு, டீச்சர்?" கட்டிலில் இருந்து கணவர் திவாகரன் கேட்பார்.

கண்டி மாநகர சபையில் முப்பத்தோரு வருடம் தண்ணீர் மீட்டர் வாசித்தவர். அம்பிட்டிய மேட்டு வீடுகளின் படிகளையெல்லாம் ஏறி இறங்கிய அந்த மனிதருக்கு இப்போது குளியலறைக்குப் போய்வரவே இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை மூக்கில் குழாய். நிமிடத்துக்கு இரண்டு லீட்டர், அதற்கு மேல் கேட்காமல் கூட்டக்கூடாது என்று டொக்டர் அட்டையில் எழுதியிருந்தார்.

வரும் வெள்ளிக்கிழமை மகள் மதுஷாவின் குழந்தைக்கு முப்பத்தோராம் நாள் தொடக்குக் கழிப்புச் சடங்கு. கண்டிக்கு மேலே உயர மலையில், நுவரெலியாவில். மூன்று வருடத்துக்கு முன் அவள் தன் விருப்பத்துக்குக் கட்டிக்கொண்டபோது கல்யாணத்துக்குப் போகாதவர், இப்போது போயே தீருவேன் என்கிறார்.

"அவளே பிள்ளையத் தூக்கிட்டு வருவா, ரெண்டு மாசம் பொறுங்க" என்றாள் பிரேமிளா.

"அவ இறங்கி வந்தா பத்தாது. நான்தான் ஏறிப் போகணும்."

பயணத்துக்குச் சிலிண்டர் எத்தனை வேண்டும் என்று பார்க்கத்தான் அன்று அவள் கலண்டர் தாளோடு உட்கார்ந்தாள். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இருபத்தைந்து வருடமாகச் சொல்லிக் கொடுக்கும் இலட்சிய வாயுக் கணக்குத்தானே. நாற்பது லீட்டர்ச் சிலிண்டர். எட்டு மணி நேரத்துக்குத் தொள்ளாயிரத்து அறுபது லீட்டர் போக வேண்டும். முள் நாளுக்கு இருபத்துநான்கு பார் அமுக்கம் இறங்க வேண்டும். தாளில் இருந்ததோ பதினெட்டு. முந்திய நாளும் பதினெட்டு, அதற்கு முந்தியும்.

கசிவு என்றால் அதிகம் இறங்கும், குறைய இறங்காது. மழைக்குளிரும் முள்ளை இறக்கத்தான் செய்யும். மானி பழுதோ என்று பார்த்தால், ஆறு நாளில் தீர வேண்டிய சிலிண்டர் எட்டு நாள் வந்திருக்கிறது. நாளுக்கு இருநூற்று நாற்பது லீட்டர் அவர் மூக்குக்குப் போகவே இல்லை.

அறைக்குள் போய்த் தாளை அவர் மடியில் வைத்தாள்.

"என்னங்க இது?"

திவாகரன் கண்ணாடியைத் தேடிப் போட்டுப் பார்த்தார். முப்பத்தோரு வருடம் அடுத்தவர் வீட்டு முள்ளைப் பார்த்தவருக்குத் தன் வீட்டு முள்ளும் பேசும் என்று தோன்றியிருக்கவில்லை.

"நீ ரெண்டு மணிக்குக் கிளாஸுக்கு உக்காந்ததும் ஒரு லீட்டருக்குக் குறைப்பேன். ஆறு மணிக்குப் பிள்ளைங்க போற சத்தம் கேட்டதும் திரும்ப ரெண்டு."

"எதுக்கு?"

"மலைக்குப் பழகத்தான்." தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பழைய பில் துண்டை எடுத்தார். "நீதானே பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கிளாஸ்ல கத்துறே. மேலே போனாலும் ஒட்சிசன் நூத்துக்கு இருபத்தொண்ணுதான், மொத்த அமுக்கம் குறையுறதால பகுதியமுக்கம் குறையும்னு. அதத்தான் போட்டுப் பார்த்தேன்."

பில்லின் பின்பக்கம் அவருடைய சாய்ந்த எழுத்து. இரண்டு லீட்டருக்கு மூச்சுக் கலவையில் இருபத்தெட்டு வீதம் ஒட்சிசன். நுவரெலியா அமுக்கத்தால் பெருக்கினால் இருபத்திரண்டரை. ஒரு லீட்டருக்கு இருபத்துநான்கு வீதம். கண்டி அமுக்கத்தால் பெருக்கினால் ஏறக்குறைய அதே. இங்கே ஒன்றில் இருப்பதும் அங்கே இரண்டில் இருப்பதும் ஒன்று. பிரேமிளா இரண்டு தரம் பார்த்தாள். பிழை பிடிக்க முடியவில்லை.

"அங்க மூணுக்குத் திருப்பலாமான்னு டொக்டரக் கேட்டிருந்தா முடிஞ்சுது. இப்படியா மூச்சைப் பிடிச்சுப் பழகுவாங்க?"

"கேக்கச் சொன்னா நீ போகவே வேணாம்னு சொல்லியிருப்பே."

அது உண்மைதான். கணக்குக்குக் கீழே இன்னொரு வரிசை இருந்தது. தினமும் ஐந்து மணிக்கு விரல் மெஷினில் பார்த்த இரத்த ஒட்சிசன் வீதம். எண்பத்தொன்பது, தொண்ணூறு, எண்பத்தெட்டு. எண்பத்தெட்டுக்குக் கீழே போகக்கூடாது என்று டொக்டர் சொன்னது இருவருக்கும் தெரியும். போன செவ்வாய்க்கிழமை எண்பத்தைந்து.

"செவ்வாய்க்கிழம என்ன நடந்துச்சு?"

"கொஞ்சம் தலை சுத்துச்சு."

"நான் அந்தப் பக்கந்தானே இருந்தேன். கூப்பிட்டிருக்கலாமே."

"பழைய வருஷப் பாஸ் பேப்பர் செஞ்சிட்டிருந்தே. பிள்ளைங்களுக்கு எக்ஸாம் வருதுல்ல."

அவள் எண்பத்தைந்தின் மேல் விரலை வைத்தாள். மறைக்க நினைத்திருந்தால் எண்பத்தெட்டு என்று எழுதியிருக்கலாம், யாரும் கண்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த மனிதர் பார்க்காத ரீடிங்கை எழுதியதே இல்லை. அவள் குழாயைச் சரிசெய்து, காதுக்குப் பின்னால் சிவந்திருந்த இடத்தில் பஞ்சை வைத்தாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மூணோ நாலோ, எதுல வேணும்னாலும் வையி. அந்தப் பிள்ளையக் கையில வாங்கிட்டு வந்திர்றேன். கூட்டிட்டுப் போவியா, பிரேமி?"

பிரேமிளா கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். பில் துண்டை நாலாக மடித்தபடி, டொக்டரைக் கேட்கப் போனை எடுக்க அறையை விட்டு வெளியே போனாள்.