அவளுக்காக நான் பேசினது

எங்க பக்கம் வீட்டுல குறை இருந்தா முருகன் கோயில்ல பிராது கட்டுவோம். குறையைத் தாளில எழுதி, சாமி முன்னால வச்சுக் கும்பிட்டு, வேல்ல கட்டிட்டு வரணும். வீட்டுல யாருக்கு என்னன்னாலும் எழுதுறது நான்தான்.

குழந்தை வயித்துலயே போனதுக்கப்புறம் என் வீட்டுக்காரி சரியா சாப்பிடல, தூங்கல. அடுப்பு முன்னால உட்கார்ந்து அழுவா. அவளுக்கும் பிராது கட்டினேன். ரெண்டு மாசமாகியும் மாறல. பீங்கான் கம்பெனியில கூட வேலை செஞ்ச அண்ணன்தான் சொன்னார், செவ்வாய்க்கிழமை பெரியாஸ்பத்திரிக்கு ஒரு அம்மா வராங்க, மனசுவிட்டுப் பேசவைப்பாங்க, காசு கிடையாதுன்னு.

சீட்டு வாங்கிட்டு உள்ள போனோம். "சார், நீங்க கொஞ்சம் வெளியில இருங்க," என்றார் அந்தம்மா.

"எனக்குத் தெரியாம அவளுக்கு என்னங்க இருக்குது?" என்று உட்கார்ந்துட்டேன்.

கேட்டதுக்கெல்லாம் நானே பதில் சொன்னேன், பிராது எழுதுற மாதிரியே. அவ முந்தானையைத் திருகிக்கிட்டு இருந்தா. கிளம்பும்போது அந்தம்மா, "அடுத்த வாரம் அவங்கள மட்டும் அனுப்புங்க," என்றார்.

அடுத்த செவ்வாய் ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தவ உள்ள வரமாட்டேன்னுட்டா. "எல்லாத்தையும்தான் நீங்க சொல்லிட்டீங்களே. இன்னிக்கும் நீங்களே போய் பேசிட்டு வாங்க."

அப்படியே வீட்டுக்குத் திரும்பிட்டோம். நாள் போகப்போக அவ சமைச்சா, சாப்பிட்டா, கோயிலுக்கும் கூட வந்தா. அந்தக் குழந்தையைப் பத்தி மட்டும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. மறுபடி பிராது கட்டலாம்னு தாளோட உட்கார்ந்தேன். 'முருகா, என் மனைவிக்கு' என்று எழுதினேன். அதுக்கு மேல, அவ குறை என்னன்னு எனக்கு எழுதத் தெரியல.