கழுத்தளவு மண்

1956 ஏப்ரல் 12, வியாழக்கிழமை, பகல் பதினொன்று இருபது. முதல்நாள் இரவு மழை கொட்டியிருந்தது. அன்று வெயில் சுள்ளென்று அடித்தது. காலைப் பள்ளிக்கூடம் விட்டு, கெலமங்கலத்தை ஒட்டியிருந்த எங்கள் கொல்லை வழியாக வந்த நான், என் அப்பாவை மாமா புதைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

எங்கள் ஆட்களில் இறந்தவரைப் படுக்க வைப்பதில்லை. குழியில் சம்மணமிட்டு உட்கார வைத்து, நெற்றி நிறையத் திருநீறு அப்பி, மண் தள்ளுவார்கள். முந்தின தை மாதம் தாத்தாவை அப்படித்தான் அனுப்பினோம். இப்போது அப்பா உட்கார்ந்திருந்தார். மண் கழுத்துவரை ஏறியிருந்தது. நெற்றியில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. கண்கள் மூடியிருந்தன. "அப்பா" என்றேன். அசையவில்லை. மண்வெட்டியோடு நின்ற மாமா, "உஷ், கத்தாத! வூட்டுக்குப் போடா" என்றார். ஓடினேன்.

மாமா அம்மாவின் தம்பி. பெங்களூர்ப் பக்கம் ஓர் ஆசிரமத்தில் மூன்று மாதம் இயற்கை மருத்துவம் படித்துவிட்டுச் சான்றிதழோடு வந்திருந்தார். மருந்து கிடையாது, மண், தண்ணீர், வெயில், பட்டினி, இவைதான் வைத்தியம். வாசலில் பலகை மாட்டினார்: இயற்கை மருத்துவர், நேரம் எட்டு முதல் பத்து, கட்டணம் எட்டணா. கட்டணம்தான் அவரைக் கெடுத்தது. எங்கள் பக்கம் பச்சிலை கொடுப்பவர் காசு கேட்கமாட்டார்; கேட்டால் பலிக்காது என்பது நம்பிக்கை. குணமான பிறகு கோழியோ, படி ராகியோ தானாகப் போய்ச் சேரும்.

"இங்கிலீசு டாக்டரு கேக்கறாரு, வக்கீலு கேக்கறாரு. நான் கேட்டா மட்டும் என்னா தப்பு, பாவா?" என்று அக்காள் புருஷனான அப்பாவிடம் பொருமுவார். இரண்டு மாதமாக ஒரு நோயாளியும் வரவில்லை. கடைசியில் முழங்கால் வலிக்காரரான அப்பாவே, "சரி, என்னையே புதைச்சுக்கோ போ" என்று இரங்கி வந்து குழியில் உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்தவர் தூங்கியும் போயிருக்கிறார். நெற்றியில் இருந்தது காய்ந்து வெளுத்த களிமண் பற்று. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வீட்டில் நான் சொன்னது ஒரே வரி: "மாமா அப்பாவக் குழியில உக்கார வெச்சுட்டாரு."

அம்மா தலையை விரித்துப்போட்டுக்கொண்டு ஓட, தெருவே பின்னால் ஓடியது. ஒப்பாரிச் சத்தத்தில் கண்விழித்த அப்பா, "எதுக்குடி அழுவற? யாரு போயிட்டாங்க?" என்றார். பாதிப் பேர் பின்வாங்கினார்கள். இரண்டு பேர் விழுந்து கும்பிட்டார்கள், அப்பாவை அல்ல, மாமாவை.

"யாரும் சாகலீங்க! இது மண் சிகிச்சைங்க!" என்று மாமா கத்தினார்.

"பெரியவங்க அப்படித்தான் மறைப்பாங்க," என்றார் செக்குக்காரர். "இவனப் போயி தண்டச்சோறுன்னமே!"

மறுநாள் வாசலில் முப்பத்தேழு பேர். தாயத்து கேட்டார்கள், பேய் ஓட்டச் சொன்னார்கள். எட்டணா என்ன, முழு ரூபாயையே நீட்டினார்கள். "நான் படிச்சது இதுக்கில்லீங்க" என்று மாமா ஒருவரிடமும் வாங்கவில்லை.

மூன்றாம் நாள் ராயக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு மாட்டுவண்டி வந்தது. கம்பளியில் சுற்றிய பெண் குழந்தையை ஒரு தாய் இறக்கி மாமாவின் காலடியில் கிடத்தினாள். நான்கு வயதிருக்கும். முந்தின மாலையே உயிர் போயிருந்தது.

"குழி எங்க சாமி?" என்று கேட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து எட்டணாவைப் பலகைக்குக் கீழே வைத்தாள்.

நான் மாமாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "அப்பாவ எழுப்புன மாதிரி எழுப்பு மாமா. மண்வெட்டி எடுத்தாரட்டுமா?"

அவர் என்னைப் பார்த்தார். அப்படி ஒரு முகத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. கோபம் என்றுதான் அந்த எட்டு வயதில் நினைத்துக்கொண்டேன்.

வண்டி திரும்பும்போது மாமா காசைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். தன் காசைக்கூட வாங்கத் தெரியாத பொம்பிளை என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வாங்கிவிட்டால் குழந்தை இறந்தது உண்மையாகிவிடும் என்பது விளங்கப் பல வருடங்கள் ஆயின.

அன்று மாலையே பலகை இறங்கியது. மாமா பெங்களூரில் மில் வேலைக்குப் போய்விட்டார். படிப்புக்கு நாற்பது ரூபாய், பலகைக்குப் பதினொன்று. வரவு அந்த எட்டணா. அதைக் கழிக்க எனக்கு இன்றுவரை கை வரவில்லை. ஆக, மருத்துவராக இருந்ததற்கு மாமாவுக்கு ஆன செலவு ஐம்பத்தோரு ரூபாய்.